போர் ஓய்ந்த நாடுகளில் பெண்களின் இடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவின் நாடாளுமன்றத்தில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி என்று சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு ஈரோடு, திருப்பூர், நாமக்கல் மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்கள், அந்தக் குறிப்பு சொல்லாமல் விட்ட பலவற்றைக் கேட்கின்றன. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதும் அந்த ஒரு பொருளுக்கே உரியது.

கேள்வி: உள்நாட்டுப் போரில் ஆண்கள் பெருமளவில் இறந்துபோனதால்தானே ருவாண்டாவில் பெண்களுக்கு அத்தனை இடம் கிடைத்தது? அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?
(பள்ளி ஆசிரியை, பெருந்துறை)

பதில்: உங்கள் விளக்கம் பாதி உண்மை. 1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை, ஏறத்தாழ நூறு நாட்களில், அங்கே சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் துட்சி இனத்தவர். கொலையில் பங்கு கொண்ட ஆண்களில் பலர் சிறைக்குப் போனார்கள், பலர் அண்டை நாடுகளுக்கு ஓடினார்கள். எஞ்சிய ஊர்களில் நிலத்தை உழுவதும், இடிந்த வீட்டை எழுப்புவதும், பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளை வளர்ப்பதும், ஊர்ப் பொதுக்காரியங்களைப் பேசி முடிப்பதும் பெண்கள் தலையில் விழுந்தன. இத்தனையும் உண்மை. ஆனால் ஆண்கள் மடிவதே பெண்களுக்குப் பதவி தரும் என்றால் போஸ்னியாவிலும் அது நடந்திருக்க வேண்டும். அங்கே 1996-இல் நடந்த போருக்குப் பிந்திய முதல் தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு வந்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ருவாண்டாவில் வேறு ஒன்று நடந்தது. போர் முடிந்தபின் நாட்டின் சட்டங்கள் புதிதாக எழுதப்பட்ட அந்தச் சில ஆண்டுகளில் பெண்கள் அமைப்பாகத் திரண்டு நின்றார்கள். நாடாளுமன்றத்தில் இருந்த பெண்கள் கட்சி வேறுபாட்டைத் தள்ளிவைத்துவிட்டு 1996-இல் ஒரு பொது மன்றம் அமைத்தார்கள். கணவனும் தகப்பனும் மாண்டபின் அவர்கள் உழுத நிலத்தில் பெண்ணுக்குப் பங்கில்லை என்ற பழைய வழக்கத்தால் விதவைகள் தெருவில் நின்ற நிலையில், மகனுக்கும் மகளுக்கும் சொத்தில் சம உரிமை தரும் சட்டம் 1999-இல் வந்தது. நிலம் முதலில், நாடாளுமன்ற இடம் பிறகு என்ற இந்த வரிசை கவனிக்கத்தக்கது என்று நான் கருதுகிறேன். 2003-ஆம் ஆண்டு அரசியல் சட்டம், முடிவெடுக்கும் அமைப்புகள் அனைத்திலும் குறைந்தது 30 விழுக்காடு பெண்கள் இருக்க வேண்டும் என்றது. கீழவையின் 80 இடங்களில் 24 பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டன. 53 இடங்கள், கட்சிகள் பெறும் வாக்கு விகிதத்துக்கேற்ப அவற்றின் பட்டியல்கள் வழியாக நிரப்பப்பட்டன. எஞ்சிய மூன்றில் இரண்டு இளைஞர்களுக்கும் ஒன்று மாற்றுத் திறனாளிக்கும் உரியவை.

2003 தேர்தலில் 39 பெண்கள் வந்தார்கள். 2008-இல் 45 பேர். உலகிலேயே பெண்கள் பெரும்பான்மையாக அமர்ந்த முதல் நாடாளுமன்றம் அதுதான். 2013-இல் 51, 2018-இல் 49, 2024-இல் மறுபடியும் 51. ஒதுக்கீட்டு இடங்கள் 24 மட்டுமே என்பதை நினைவிற் கொண்டால், மற்ற 27 பெண்கள் ஒதுக்கீட்டுக்கு வெளியே கட்சிப் பட்டியல் முதலிய வழிகளில் வந்தவர்கள் என்பது விளங்கும். ஒதுக்கீட்டின் வழியே வந்த பெண்களைப் பார்த்துப் பழகிய நாடு, ஒதுக்கீடு இல்லாத இடத்திலும் பெண்களை நிறுத்தத் தயங்கவில்லை. பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பேரழிவின் நடுவே உட்கார்ந்து சட்டத்தைத் திருத்தி எழுதிய அந்தப் பெண்களை எண்ணிப் பெருமைப்படலாம்.

கேள்வி: பெண்கள் நிறையப் பேர் உள்ளே போய்விட்டால் எங்களைப் போல வேலைக்குப் போகும் பெண்களுக்கு நல்ல சட்டம் தானாக வந்துவிடுமா?
(பனியன் கம்பெனித் தொழிலாளி, திருப்பூர்)

பதில்: தானாக வருவதில்லை. அதற்கும் ருவாண்டாவே சான்று. பெண்கள் மீதான வன்முறையைத் தண்டிக்கும் சட்டத்தை அங்கே பெண் உறுப்பினர்களே முன்னின்று கொண்டுவந்தார்கள். மாவட்டங்களுக்குச் சென்று மக்களிடம் கருத்துக் கேட்டு, ஆண் உறுப்பினர்களையும் சேர்த்துக்கொண்டு அதை நிறைவேற்றினார்கள். பெண்கள் பெரும்பான்மையாக இருந்த அதே நாடாளுமன்றத்தின் காலத்தில், 2009-இல் திருத்தப்பட்ட தொழிலாளர் சட்டம் முழு ஊதியத்துடன் கூடிய பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 6 வாரமாகக் குறைத்துவிட்டது. அதைச் சரிசெய்யப் பல ஆண்டுகள் பிடித்தன. தையல் மிஷின் முன்னால் நிறைமாதம் வரை உட்கார்ந்து வேலை செய்கிற உங்களுக்கு ஆறு வாரம் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்குக் காரணத்தைத் தேடினால், பட்டியலில் பெயரைச் சேர்ப்பவர் யார் என்ற இடத்தில் போய் நிற்போம். ருவாண்டாவில் ஆளுங்கட்சியின் பிடி மிக இறுக்கமானது. அதிபர் பால் ககாமே 2024 தேர்தலில் 99 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றார். அவரை எதிர்த்து நிற்க முன்வந்த டயான் ருவிகாரா என்ற பெண்ணின் வேட்புமனு 2017-இலும் 2024-இலும் ஏற்கப்படவில்லை. இடையில் அவர் சிறையில் அடைக்கப்பட்டு, பின்னர் 2018 டிசம்பரில் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். உலகிலேயே மிகுதியான விகிதத்தில் பெண் உறுப்பினர்களைக் கொண்ட நாட்டில், ஆட்சிக்கு எதிராக நின்ற ஒரு பெண்ணின் நிலை இது. இருக்கைக் கணக்கைப் பாராட்டும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: லைபீரியாவில் ஒரு பெண்மணி அதிபரானதாகப் பொது அறிவுப் பாடத்தில் படித்தேன். அதன்பின் அங்கே பெண்களின் எண்ணிக்கை உயர்ந்ததா?
(கல்லூரி மாணவி, திருச்செங்கோடு)

பதில்: உயரவில்லை. 1989-இல் தொடங்கிச் சிறு இடைவெளியுடன் 2003 வரை நீண்ட அந்தப் போரை முடிவுக்குக் கொண்டுவந்ததில் பெண்களின் பங்கு பெரிது. லேமா போவி முதலியோரின் தலைமையில் கிறித்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடையணிந்து, மன்ரோவியா நகரின் மீன் சந்தை அருகே வெயிலிலும் மழையிலும் நாள்தோறும் அமர்ந்தார்கள். கானா நாட்டின் அக்ரா நகரில் சமாதானப் பேச்சு இழுத்துக்கொண்டே போனபோது, பேசுவோர் முடிவெடுக்காமல் மண்டபத்தை விட்டு வெளியேறாதபடி வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். 2005 தேர்தலில் எல்லன் ஜான்சன் சர்லீஃப் வென்று, 2006 ஜனவரியில் பதவியேற்று, ஆப்பிரிக்கக் கண்டத்தில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அதிபர் ஆனார். 2011-இல் நோபல் சமாதானப் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் போவியும் அவரும் உண்டு.

ஆனால் அங்கே கட்டாய ஒதுக்கீட்டுச் சட்டம் வரவில்லை. அவர் பதவியில் இருந்த பன்னிரண்டு ஆண்டுகளிலும் கீழவையில் பெண்களின் பங்கு எட்டில் ஒன்றைத் தாண்டவில்லை. தனி ஒரு பெண்ணின் வெற்றி, பின்னால் வருபவர்களுக்கு வழியாக மாறுவதற்கு விதி வேண்டும். லைபீரியாவில் இல்லாமற்போனது அதுதான்.

கேள்வி: எந்தத் தேர்தல் முறை பெண்களுக்கு உகந்தது? நம் நாட்டு முறையில் இது கைகூடுமா?
(வழக்கறிஞர், தாராபுரம்)

பதில்: இதற்கு நேபாளத்தை விடச் சிறந்த பாடம் இல்லை, ஒரே நாட்டில், ஒரே நாளில், இரு முறைகளும் அருகருகே நடந்திருக்கின்றன. 1996 முதல் 2006 வரை அங்கே மாவோயிஸ்டுகளுக்கும் அரசுக்கும் போர் நடந்தது. ஐ.நா. சரிபார்த்த 19,602 மாவோயிஸ்டுப் போராளிகளில் 3,846 பேர் பெண்கள். ஆயுதம் ஏந்தியவர்களாக அரசியலுக்குள் வந்த அந்தப் பெண்களை, பிந்திய பேரங்களில் எளிதாக ஒதுக்கிவிட முடியவில்லை.

2008-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியல் நிர்ணய சபையில் 601 இடங்கள். அவற்றில் 240 இடங்களுக்கு நம் ஊரைப் போலத் தொகுதிக்கு ஒருவர் என்ற முறை, 335 இடங்கள் விகிதாசாரப் பட்டியல் முறை, 26 நியமனம். பட்டியலில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. முடிவில் மொத்தம் 197 பெண்கள் சபைக்குள் நுழைந்தார்கள்; அவர்களில் தொகுதிகளில் நேரடியாக வென்றவர்கள் 30 பேர் மட்டுமே. அடுத்து 2013-இல் தொகுதிகளில் வென்ற பெண்கள் பத்துப் பேராகக் குறைந்தார்கள். 2017-இல் புதிய நாடாளுமன்றத்தின் 165 தொகுதிகளில் ஆறே பெண்கள். நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு கட்சிக்கும் மூன்றில் ஒரு பங்கு பெண் உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்று 2015 அரசியல் சட்டம் கட்டாயமாக்கியிருந்ததால், கட்சிகள் அந்தக் குறையைப் பட்டியலில் ஈடுகட்டின. தொகுதி என்றால் வெல்லக்கூடியவர் என்று கட்சி நம்பும் ஆணுக்கு, பட்டியல் என்றால் பெண்ணுக்கு என்ற வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது.

கட்சிகள் விதியை எப்படி வளைக்கும் என்பதையும் அங்கேயே பார்க்கலாம். உள்ளாட்சியில் மேயர், துணை மேயர் இரண்டுக்கும் வேட்பாளரை நிறுத்தும் கட்சி, இருவரில் ஒருவரைப் பெண்ணாக நிறுத்த வேண்டும். 2017-இல் கட்சிகள் கிட்டத்தட்ட எல்லா இடங்களிலும் ஆணை மேயர் பதவிக்கும் பெண்ணைத் துணைப் பதவிக்கும் நிறுத்தின. துணைப் பதவிகளில் பத்தில் ஒன்பது பெண்களுக்குப் போயின, மேயர் பதவிகளோ மிகச் சிலவே. 2022-இல் கூட்டணி வைத்த கட்சிகள் ஆளுக்கு ஒரு பதவி என்று பிரித்துக்கொண்டன. ஒரே பதவிக்கு மட்டும் நிறுத்தினால் அந்த விதி பொருந்தாது என்பதால், பெண் துணை மேயர்களின் எண்ணிக்கையும் இறங்கிவிட்டது. சட்டம் எழுதியவர்கள் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் இதைத் தடுத்திருக்கலாம். உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு வரியின் விலை தெரியும்.

அதே சட்டத்தின் மற்றொரு பகுதியை மனமாரப் பாராட்ட வேண்டும். ஒவ்வொரு வார்டிலும் இரண்டு பெண் உறுப்பினர்கள், அவர்களில் ஒருவர் தலித் பெண்ணாக இருக்க வேண்டும் என்ற விதியால், 2017-இல் நாடெங்கும் ஏறத்தாழ 14,000 பெண்கள் உள்ளாட்சிக்கு வந்தார்கள். துணை மேயர்தான் உள்ளூர் நீதிக் குழுவுக்குத் தலைவர் என்பதால், குடும்ப வழக்கும் எல்லைத் தகராறும் பெண்களின் முன்னால் வரத் தொடங்கின. ஒதுக்கீட்டுக்குள் ஒதுக்கீடு இல்லாவிட்டால் மேல்சாதிப் பெண்களே இடங்களை நிரப்பிவிடுவார்கள் என்பதை நேபாளம் முன்கூட்டியே உணர்ந்திருந்தது.

நம் நாட்டில் தொகுதி முறை மாறப்போவதில்லை. அப்படியானால் தொகுதியையே ஒதுக்க வேண்டும். நம் உள்ளாட்சிகளில் 1993 முதல் செய்யப்படுவது அதுதான். மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கும் 106-ஆவது திருத்தம் 2023-இல் நிறைவேறியபோது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்தபின்பே நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையோடு நிறைவேறியது. இந்த நிபந்தனை தேவையற்றது என்பது என் கருத்து.

கேள்வி: எங்கள் பக்கத்து ஊராட்சியில் "தலைவரம்மா கையெழுத்து மட்டுந்தானுங்க, மத்ததெல்லாம் வூட்டுக்காரரு பாத்துக்குவாரு" என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். போர் நடந்த நாடுகளிலும் இப்படித்தானா?
(ஊராட்சி வார்டு உறுப்பினர், காங்கேயம் வட்டாரம்)

பதில்: அங்கேயும் இது உண்டு, வேறு உருவத்தில். உகாண்டாவில் 1986-இல் உள்நாட்டுப் போரில் வென்று ஆட்சிக்கு வந்த முசெவேனியின் அரசு, 1989-இலேயே மாவட்டத்துக்கு ஒரு பெண் உறுப்பினர் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஆப்பிரிக்காவில் பல நாடுகள் பின்னர் பின்பற்றிய முறை அது. ஆனால் அந்தப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தவர்கள் மாவட்டத்துப் பொதுமக்கள் அல்லர். பெரும்பாலும் ஆண்களே நிறைந்த உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் வாக்காளர் குழு. அந்தக் குழுவைப் பகைத்துக்கொண்டு எந்தப் பெண்ணால் பேச முடியும்? 2006-இல்தான் அனைவரும் வாக்களிக்கும் முறை வந்தது. அங்கே வாக்காளர் குழு செய்ததை இங்கே வீட்டுக்காரர் செய்கிறார்.

ஆனாலும் இதைக் காரணம் காட்டி ஒதுக்கீடே வீண் என்று சொல்வோரோடு என்னால் உடன்பட முடியாது. ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஊராட்சிகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவுகளில், தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் குடிநீருக்கு மிகுதியாகச் செலவிடப்பட்டது தெரியவந்தது. கணவர் குறுக்கிடும் வீடுகளையும் சேர்த்து எடுத்த கணக்குத்தான் அது. முதல் முறை கையெழுத்துப் போட மட்டும் வந்தவர், அடுத்த கூட்டத்தில் எதற்குக் கையெழுத்து என்று கேட்கிறார். நம் மாநிலத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியதாகிவிட்ட இன்று, ஒவ்வொரு ஊராட்சியிலும் அந்தக் கேள்வியைக் கேட்கும் பெண்ணுக்குத் துணை நிற்க வேண்டியவர்கள் உங்களைப் போன்ற வார்டு உறுப்பினர்கள்தாம்.

கேள்வி: பெண்களுக்கு ஒதுக்கீடு என்பது மேலை நாடுகள் பணத்தோடு சேர்த்து அனுப்பும் நிபந்தனை என்கிறார்கள். ஆப்கானிஸ்தானில் அது ஒரே நாளில் காணாமற்போனதே?
(ஜவுளி வியாபாரி, ஈரோடு)

பதில்: ஆப்கானிஸ்தானின் 2004 அரசியல் சட்டப்படி கீழவையின் 249 இடங்களில் 68 பெண்களுக்கு உரியவையாயின. 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் காபூலைக் கைப்பற்றியதும் நாடாளுமன்றமே இல்லாமற்போனது. பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளியும் மூடப்பட்டது. அயல் நாட்டுப் படையின் நிழலில் மட்டும் நின்ற ஏற்பாடு அந்தப் படை வெளியேறியதும் சரிந்தது என்ற அளவில் உங்கள் கருத்து சரி. ஆனால் சரிந்தது ஆண்களின் இடங்களும்தான். அந்தக் குடியரசே சரிந்தது. ஒதுக்கீட்டை மட்டும் தனியாக எடுத்துக் குறை சொல்வது நியாயமாகாது.

கிழக்குத் திமோரில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2001-இல் அங்கே நிர்வாகத்தை நடத்திய ஐ.நா. அமைப்பே கட்டாய ஒதுக்கீட்டை ஏற்க மறுத்தது. கேட்டவர்கள் உள்ளூர்ப் பெண்கள் அமைப்புகள். மறுக்கப்பட்டதும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. பெண் வேட்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கட்சிகளை நெருக்கி, 88 பேர் கொண்ட சபையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள் வரும்படி செய்தார்கள். பின்னர் பட்டியலில் நான்கில் ஒருவர், அதன்பின் மூன்றில் ஒருவர் பெண் என்று அந்த நாடே சட்டம் இயற்றிக்கொண்டது.

கேள்வி: முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு எங்கள் ஊர்களில் வீட்டுக்கு வீடு பெண்கள்தான் குடும்பத்தைச் சுமக்கிறார்கள். ஆனால் எங்களுக்காகப் பேச நாடாளுமன்றத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஆண்களாகவே இருக்கிறார்கள். இது ஏன்?
(இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம், பவானிசாகர்)

பதில்: சகோதரி, வந்த கடிதங்களில் உங்களுடையதையே நான் பலமுறை படித்தேன். 2024 நவம்பர் தேர்தலில் இலங்கை நாடாளுமன்றத்துக்கு வந்த பெண்களின் எண்ணிக்கை முதன்முறையாக இருபதைத் தாண்டியது. சரோஜா சாவித்திரி போல்ராஜ் போன்ற தமிழ்ப் பெண்களும் அவர்களில் உண்டு. அவர் மாத்தறையில் வென்று அமைச்சரும் ஆனார். ஆனால் யாழ்ப்பாணம், வன்னி ஆகிய இரு தேர்தல் மாவட்டங்களின் 12 இடங்களில் ஒன்றில்கூடப் பெண் இல்லை. போர் மிகக் கடுமையாக நடந்த மண்ணுக்கு, பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் மிகுந்த மண்ணுக்கு, ஒரு பெண் பிரதிநிதிகூட இல்லை.

முதற் காரணம், போர் முடிந்த விதம். ருவாண்டாவிலும் வென்ற தரப்பே ஆட்சி அமைத்தது, ஆனால் புதிய அரசியல் சட்டம் எழுதியது; நேபாளத்தில் ஒப்பந்தமும் ஏற்பட்டது, புதிய சட்டமும் வந்தது. இலங்கையில் 2009 மே மாதம் ஒரு தரப்பு அழிக்கப்பட்டதோடு எல்லாம் முடிந்தது. பேச்சும் இல்லை, புதிய அரசியல் சட்டமும் இல்லை. பெண்கள் தங்கள் கோரிக்கையை வைக்கத் தக்க இடமே உருவாகவில்லை. புலிகள் இயக்கத்தில் போரிட்ட பெண்கள் ஏராளம். நேபாளத்துப் பெண் போராளிகள் கட்சிக்காரர்களாக மாறிச் சபைக்குப் போனார்கள், உங்கள் பெண்களோ புனர்வாழ்வு முகாம்களுக்குப் போய், கண்காணிப்போடும் ஊராரின் சந்தேகப் பார்வையோடும் வீடு திரும்பினார்கள்.

இரண்டாவது, வாக்காளர் கட்சிக்கு வாக்களிப்பதோடு அதன் பட்டியலில் தாம் விரும்பும் வேட்பாளர்களின் எண்களையும் குறிக்கும் விருப்பு வாக்கு முறை. மாவட்டம் முழுவதும் தன் எண்ணைக் கொண்டு சேர்க்க வேட்பாளர் தன் சொந்தக் கட்சிக்காரரோடேயே போட்டியிட வேண்டும். அதற்குப் பணமும் வாகனமும் இரவு நேரத்தில் ஊர் ஊராகப் போகும் துணிவும் ஆட்களும் வேண்டும். கணவனை இழந்து, இராணுவம் நிற்கும் வீதிகளில் நடமாடும் பெண்ணுக்கு இவை எளிதல்ல. அச்சத்துக்குப் பழைய காரணங்களும் உண்டு: யாழ்ப்பாண மாநகரின் மேயரான சரோஜினி யோகேஸ்வரன் 1998 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மூன்றாவது, தமிழ்க் கட்சிகளின் மனம். உலகின் முதல் பெண் பிரதமராக 1960-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவைத் தந்த நாடு என்றாலும், தெற்கிலும் வடக்கிலும் பெண்கள் பெரும்பாலும் கணவரின் அல்லது தந்தையின் இடத்தை நிரப்பவே அழைக்கப்பட்டார்கள். வாக்காளர்கள் பெண்களை விரும்பவில்லை என்ற வாதம் எடுபடாது. 2013-இல் வட மாகாண சபைத் தேர்தலில், சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்ட கணவரைத் தேடிக்கொண்டிருந்த அனந்தி சசிதரனுக்கு 87,000-க்கும் மேற்பட்ட விருப்பு வாக்குகள் கிடைத்தன. முதலமைச்சரான விக்னேஸ்வரனுக்கு அடுத்த இடம் அவருக்கே. மக்கள் தயாராக இருந்தார்கள், கட்சிகள் தயாராக இல்லை. அந்தச் சபையின் காலம் 2018-இல் முடிந்தபின் மாகாணத் தேர்தலே ஆண்டுக்கணக்கில் நடத்தப்படவில்லை என்பதால் அந்த வழியும் அடைபட்டது.

திறந்த ஒரே கதவு உள்ளூராட்சி. பிரதேச சபைகளிலும் நகர சபைகளிலும் 25 விழுக்காடு பெண்கள் என்ற சட்டம் 2018 பிப்ரவரித் தேர்தலில் நடைமுறைக்கு வந்தபோது, நாடு முழுவதும் 2 விழுக்காட்டை ஒட்டியிருந்த பெண்களின் பங்கு 20 விழுக்காட்டைத் தாண்டியது. விதி இருந்த இடத்தில் பெண்கள் வந்தார்கள். விதி இல்லாத நாடாளுமன்றத்துக்கு 2020-இல் 225 பேரில் 12 பெண்களே போனார்கள். போர் காணாத எங்கள் தமிழ்நாட்டிலும் 2021-இல் சட்டப்பேரவைக்கு வந்த 234 பேரில் பெண்கள் அதே 12 பேர்தான் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய தொடர் போராட்டத்தை நடத்தியவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். அமைப்பாக நிற்கவும், அரசோடு பேசவும், ஆண்டுக்கணக்கில் தளராதிருக்கவும் அவர்களுக்குத் தெரியும். தமிழ்க் கட்சிகள் அடுத்த வேட்பாளர் பட்டியலை அந்தப் போராட்டப் பந்தலிலிருந்து தொடங்க வேண்டும்.

கேள்வி: சமாதானப் பேச்சில் பெண்கள் இருந்தால் என்ன மாற்றம்? பேசுவது துப்பாக்கி வைத்திருப்பவர்களின் வேலை அல்லவா?
(ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மட்டும் பேசினால், துப்பாக்கியைப் பற்றி மட்டுமே பேசி முடிப்பார்கள். 1996-இல் வட அயர்லாந்தில் கத்தோலிக்கப் பெண்களும் புராட்டஸ்டண்டுப் பெண்களும் சில வாரங்களில் ஒரு மகளிர் கூட்டணியை உருவாக்கித் தேர்தலில் நின்றார்கள். முன்னணியில் வரும் பத்துக் கட்சிகளுக்குப் பேச்சில் இடமுண்டு என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, ஏறத்தாழ ஒரு விழுக்காடு வாக்கிலேயே மோனிகா மெக்வில்லியம்ஸ், பேர்ல் சாகர் ஆகிய இருவரும் உள்ளே போனார்கள். 1998 சமாதான ஒப்பந்தத்தில் பாதிக்கப்பட்டவர்களின் உரிமை, இரு சமயப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளி, கலந்து வாழும் குடியிருப்பு ஆகியவை இடம்பெற்றதில் அவர்களின் பங்கு பெரிது. பின்னர் 2003 தேர்தலில் தோற்று, 2006-இல் அந்தக் கட்சி கலைந்தது. அவர்கள் எழுதச் செய்த வாசகங்கள் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. சமாதானப் பேச்சுகளில் பெண்கள் பங்கேற்க வேண்டும் என்ற ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1325-ஆவது தீர்மானம் 2000 அக்டோபர் 31 அன்று நிறைவேறியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் கதவைத் தட்ட முடிகிறது. கதவைத் திறக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த அந்தத் தீர்மானத்துக்கு வலுவில்லை.

கேள்வி: நம் நாட்டிலேயே இதற்கு ஒப்பான நிகழ்வு உண்டா?
(லாரி பட்டறை உரிமையாளர், நாமக்கல்)

பதில்: நாகாலாந்து இருக்கிறது. பல பத்தாண்டு ஆயுதப் போராட்டத்துக்குப் பின் 1997-இல் போர் நிறுத்தம் ஏற்பட்ட அந்த மாநிலத்தில், இரத்தம் சிந்துவதை நிறுத்தும்படி எல்லாத் தரப்பிடமும் நடந்து போய்ப் பேசியவர்கள் 1984-இல் தொடங்கப்பட்ட நாகா அன்னையர் சங்கத்துப் பெண்கள். ஆயுதக் குழுக்களும் அவர்களை மதித்தன. அதே பெண்கள் நகராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு கேட்டபோது, மரபுக்கு முரண் என்று பழங்குடி அமைப்புகள் எதிர்த்தன. 2017 தொடக்கத்தில் அந்த எதிர்ப்பு கலவரமாகி உயிர்கள் போயின, அரசு அலுவலகங்கள் எரிந்தன, முதலமைச்சர் பதவி விலக நேர்ந்தது. 1963-இல் உருவான மாநிலத்தின் சட்டப்பேரவைக்கு முதல் இரு பெண்கள், ஹெக்கானி ஜக்காலுவும் சல்ஹௌதுவோனுவோ குரூசும், 2023-இல்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பெண்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்று போராடியதன் பயனாக, 2024 ஜூன் மாதம் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு நகர்ப்புறத் தேர்தல் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டுடன் நடந்தது. அதற்கென 2023-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் உறுப்பினர் இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. நகராட்சித் தலைவர் பதவியை மட்டும் ஒதுக்கீட்டிலிருந்து விலக்கிவிட்டது.